கோயில் வளைவில் ஓர் உறுமல்

ஒரு மலையாம். மலைக்கு மேலே ஒரு லயனாம், எஸ்டேட் ஆட்கள் குடியிருக்கிற வரிசை வீடுகளாம். லயனில் கடைசி வீட்டில் ஒரு அடுப்பாம். அந்த அடுப்பு தீப்பெட்டிக்கு அடங்காதாம், ஒரு ஜீப்பு சத்தம் காதில் விழுந்தால்தான் பற்றிக்கொள்ளுமாம். அடுப்புக்காரி பேர் தவமணி, கவர்க்கல் பக்கத்துத் தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறவள். ஜீப்புக்காரன் அவள் புருசன் சங்கிலி, லயன் ஆட்களை வால்பாறைக்கும் பொள்ளாச்சிக்கும் ஏற்றி இறக்குகிறவன். அந்தத் தவமணி இன்றைக்குக் காலையில் ஜீப்பில் இல்லை. சத்தமே போடாத ஒரு கரண்டு காரின் பின்சீட்டில், மடியில் துணிப்பையும் கையில் ஒரு எலுமிச்சம்பழமுமாக உட்கார்ந்திருந்தாள். முன்னால் சங்கிலி ஓட்டினான். அவனுக்குப் பக்கத்தில் அவள் தம்பி ஜெகதீசன். மலை இறங்கி ஆழியாறு போய்ச் சேர்வதற்குள் அவள் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். ஜீப்பைக் கொடுத்துவிட்டு இந்தக் காரை எடுத்துக்கொள்ளலாமா, வேண்டாமா. “நீ உக்காந்து பாரு தவம். நீ சரின்னா சரி, வேணாம்னா விட்ருவோம்” என்று நேற்றுச் சாப்பிடும்போது சங்கிலி சொல்லிவிட்டான். சொல்லிவிட்டு ரசத்தை ஊற்றிக்கொண்டான். இருபது கிலோ கொழுந்து மூட்டையைத் தூக்கி அவள் தலையில் வைத்துவிட்டுத் தான் மட்டும் கையை வீசி நடக்கிறவன் மாதிரி இப்போது எவ்வளவு சுகமாக ஓட்டுகிறான் பாரேன்.

வண்டி கிளம்பியதே அவளுக்குத் தெரியவில்லை. லயன் வீடுகள் தாமாகப் பின்னால் நகர்ந்தன, வாசலில் நின்று கையாட்டிய பக்கத்து வீட்டு ராசகனி சின்னதாகிக்கொண்டே போனாள், அப்போதுதான் ஓ, போகிறோம் என்று உறைத்தது. ஜீப்பென்றால் இப்படியா? சாவியைத் திருகியதும் முதலில் இருமும், தொண்டையைச் செருமும், கொஞ்சம் யோசிக்கும், அப்புறம் லயனையே எழுப்புகிற மாதிரி ஒரு பிளிறல். பின்னாலேயே டீசல் நாற்றம் வந்து வயிற்றைப் பிசையும். அதற்குத்தான் எலுமிச்சம்பழம். கல்யாணமாகி முதல் தடவை இந்த மலை ஏறுகிற அன்று பஸ்ஸில் வளைவுக்கு வளைவு ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினவள் அவள். புது மாப்பிள்ளைக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. சாமிக்கென்று வாங்கி மடித்து வைத்திருந்த பழத்தை எடுத்து அவள் கையில் திணித்து, மோந்துக்க, மோந்துக்க என்றான். சாமி கோவிச்சுக்காதா என்று கேட்டாள். “சாமி வாந்தி எடுக்கலையே” என்றான். வாயைப் பொத்திக்கொண்டிருந்தவளுக்குச் சிரிப்பு வந்து, சிரிப்போடு வாந்தியும் வந்தது. அந்தச் சிரிப்பில்தான் குடித்தனம் ஆரம்பித்தது என்று சொல்ல வேண்டும். அன்றிலிருந்து மலை இறங்கினால் பழம். இன்றைக்கு அந்தப் பழத்துக்கு வேலை இல்லை. நாற்றம் இல்லை, குலுக்கல் இல்லை, வயிறு சாதுவாக இருக்கிறது. அப்படியென்றால் நல்ல வண்டிதானே? சரி என்று சொல்லிவிட வேண்டியதுதானே? வாய் வரைக்கும் வருகிறது. வந்து நாக்கு நுனியில் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்கிறது. ஏன் என்று அவளுக்குத் தெரியும். தெரிவதை வெளியே சொல்ல முடியாது. சொன்னால் ஜெகதீசன் ஆனைமலை வரைக்கும் சிரித்துக்கொண்டே போவான்.

இந்த வண்டி ஜெகதீசனின் முதலாளியுடையது. ஆனைமலையில் தென்னந்தோப்பு வைத்திருக்கிறவர். ஊரெல்லாம் வாங்குகிறார்களே என்று ஆசைப்பட்டு வாங்கிவிட்டார். தோப்புக்குள் வாய்க்கால் மேடு, வரப்பு, பாளை, மட்டை. அடிவயிறு தட்டாமல் இந்தக் கார் உள்ளே போக மாட்டேன் என்றது. காய் ஏற்ற முடியவில்லை, உரம் ஏற்ற முடியவில்லை. அவருக்கு ஜீப்பு வேண்டும். இங்கே சங்கிலிக்கு ஐம்பதைத் தாண்டி தோள்பட்டை பிடித்துக்கொள்கிறது. இப்போது ஓட்டுவதெல்லாம் பெரும்பாலும் லயனுக்கும் வால்பாறைக்கும் நடுவே. லயன் வரைக்கும் தார் ரோடும் போட்டாயிற்று. அவருக்கு ஆகாதது இவருக்கு ஆகும், மாற்றிக்கொண்டால் என்ன என்று ஜெகதீசன்தான் முடிச்சுப் போட்டான். முதலாளியிடம் கேட்டு வண்டியை மேலே கொண்டு வந்து இரண்டு நாள் விட்டு ஓட்டிக் காட்டினான். வந்த அன்று சாயங்காலம் வீட்டு ப்ளக்கில் மாட்டியதும் லயன் மொத்தமும் மங்கிப்போனது. சீரியல் நடுவே டிவி அணைந்துபோன ராசகனி வெளியே வந்து, “எவடி எங்க வீட்டுக் கரண்டைக் குடிக்கிறது?” என்று ஆரம்பித்து, காரைப் பார்த்ததும் குரலை இறக்கி, “குடிக்கட்டும், பாவம், தூரத்துலேருந்து வந்திருக்கு” என்றாள். அப்புறம் ஃபேக்டரியில் சொல்லி, எடை போடுகிற கொட்டகைப் பக்கம் தடித்த வயர் இருக்கிற இடத்தில் நிறுத்தி ஏற்றினார்கள். நேற்றும் அங்கேதான். சங்கிலிக்கு ஒரு சட்டம் உண்டு. வயிறு நிறையாமல் யாரும் மலை இறங்கக் கூடாது. மனுசனானாலும் சரி, வண்டியானாலும் சரி. காலையில் ஜெகதீசனுக்கு இட்லி மேல் இட்லியாக வைத்து, போதும் மாமா என்று அவன் இலையை மறைத்தபோதும் கைவிரல் சந்தில் ஒன்றைப் போட்டான். காரையும் அப்படியே முட்ட முட்ட நிறைத்தான். நூறு என்று காட்டும் வரைக்கும் வயரைப் பிடுங்கவில்லை.

கவர்க்கல் பனி ஜன்னலை நக்கிவிட்டு விலகியதும் இறக்கம் வந்தது. ஜெகதீசன் முன்கூட்டியே பெருமை பேச ஆரம்பித்தான். “மாமா, நேத்து எஸ்டேட் ரோட்ல பாத்தீங்கல்ல? ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுத்தா போதும், தானே பிரேக்கு புடிக்கும். புடிக்கிறது மட்டுமில்ல, இறங்க இறங்கக் கரண்டு திரும்பி ஏறும். மலை நமக்குக் கூலி குடுக்குது.” சங்கிலி காலை எடுத்தான். வண்டி பிடிக்கவில்லை. போய்க்கொண்டே இருந்தது. சத்தமும் இல்லை, தடையும் இல்லை, அதுபாட்டுக்கு இன்னும் கொஞ்சம் வேகமாகப் போனது. சத்தம் கூடினாலாவது வேகம் கூடுகிறது என்று உடம்புக்குத் தெரியும். தவமணியின் உடம்புக்கு ஒன்றும் தெரியவில்லை, வளைவின் கறுப்பு மஞ்சள் சுவர் பெரிதாகிக்கொண்டு வருவது மட்டும் தெரிந்தது. மாரியாத்தா என்றாளா, சொல்ல நினைத்தாளா? “மாப்ளே, புடிக்க மாட்டேங்குதுடா!” “பிரேக்கு! பிரேக்கை மிதிங்க மாமா!” மிதித்தான். வண்டி நின்றது. சுவருக்கும் முகப்புக்கும் நடுவே ஒரு ஆள் படுக்கலாம், அவ்வளவுதான் இடம். எலுமிச்சம்பழம் கையிலிருந்து எகிறி முன்சீட்டுக்கு அடியில் உருண்டு போனது. எதிரே ஏறி வந்த கவர்ன்மெண்டு பஸ் டிரைவர் சங்கிலியை அடையாளம் கண்டுகொண்டு தலையை வெளியே நீட்டினார். “என்ன சங்கிலி, புதுசா? எல் போர்டு மாட்டிக்கய்யா!” சங்கிலி பதிலுக்குச் சலாம் வைத்தான். ஜெகதீசன் நெற்றியில் அறைந்துகொண்டான். “ஐயோ, நம்மதான் நூறுக்கு நிறைச்சுட்டோமே! பேட்டரி நிறைஞ்சிருந்தா கரண்டைத் திருப்பி வாங்காது மாமா, அதான் புடிக்கல. முதலாளி ஒரு தடவை சொன்னாரு. கீழ சமதரையில ஓட்டுறவனுக்கு இது ஞாபகம் இருக்குமா?” சங்கிலி கொஞ்ச நேரம் அந்தச் சுவரையே பார்த்தான். பிறகு தோள் குலுங்கச் சிரித்தான். “கடைசி இட்லிக்கு நீ கையை மறிச்ச பாரு, அந்த மாதிரி மறிச்சிருக்கு. அதுமேல என்ன தப்பு? இனிமே இதை அரை வயித்தோடதான் இறக்கணும்.” இனிமே என்றானே. அந்த இனிமே தவமணிக்குள் முள்ளாகக் குத்தியது. மனதுக்குள் இவன் ஏற்கெனவே வாங்கிவிட்டான்.

அப்புறம் பிரேக்கில் கால் வைத்தே இறக்கினான், இரண்டு வளைவு தாண்டியதும் வண்டியும் பசியெடுத்தது போல மெல்ல மெல்லப் பிடிக்க ஆரம்பித்தது. அவன் கையைப் பார்த்தாள். ஸ்டியரிங்கில் இரண்டு விரல். ஜீப்பில் கியர் கம்பியோடு மல்லுக்கட்டிக்கட்டி வலது தோளைவிட இடது தோள் தடித்துப் போன மனுசன், கல்யாண வீட்டில் சந்தனக் கிண்ணத்தைப் பிடிக்கிற மாதிரி பிடித்திருக்கிறான். அந்தக் கை நடுங்கும். ஜீப்பை விட்டு இறங்கி வீட்டுக்குள் வந்து உட்கார்ந்த பிறகும் ஜீப்பு அவனை விட்டு இறங்காது, விரல்களில் ஓடிக்கொண்டே இருக்கும். டீ கிளாஸ் அவன் கைக்குப் போனதும் உள்ளே டீ சின்னச் சின்ன வளையமாக ஆடும். முன்பெல்லாம் லுங்கியில் சிந்தும். சூடு பட்டு ஸ் என்பான், ஒன்றுமில்லை என்பான். ஒரு நாள் அவள் முக்கால் கிளாஸ் ஊற்றினாள். சிந்தவில்லை. மறுநாளும் முக்கால். அதற்கப்புறம் அந்த வீட்டில் அவனுக்கு முக்கால்தான். ஏன் குறைந்தது என்று அவன் கேட்டதில்லை, கைக்காகத்தான் என்று அவள் சொன்னதில்லை. குடித்ததும் சுவரில் சாய்ந்தபடியே தூங்கிப்போவான். இந்த வண்டி வந்தால் அந்தக் கை நிற்கும். தோள்பட்டைக்கு ராத்திரி எண்ணெய் தேய்க்க வேண்டாம். அவள் இருமலும் குறையும், ஜீப்புப் புகை அடுப்படி ஜன்னல் வழியாகத்தானே நேராக வருகிறது. இத்தனை நல்லதையும் ஒரு தட்டில் வைத்தால் இன்னொரு தட்டில் என்ன இருக்கிறது? ஒரு சத்தம். வெறும் சத்தம். அதைப் போய்த் தராசில் வைக்கிறாயே, வெட்கமாக இல்லையாடி உனக்கு என்று தன்னையே கேட்டுக்கொண்டாள்.

வெறும் சத்தமா? சாயங்காலம் ஆறு மணிக்கு மேலே பனி இறங்கி எதிர் வீடு மறைந்துபோகிற ஊரில் கண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்வது? காதுதான். ஃபேக்டரி பக்கம் முதல் உறுமல் மெலிசாக வரும், வேறு ஜீப்பாகக்கூட இருக்கலாம். பாலத்தில் ஒரு கடகட. அப்புறம் கோயில் வளைவில், மாரியம்மன் கோயிலைச் சுற்றித் திரும்புகிற இடத்தில், கியர் இறங்கி ஒரு கனத்த உறுமல். ம்ம்ம் என்று. அது அவன்தான். வேறு எந்த ஜீப்பும் அந்த இடத்தில் அப்படி உறுமாது. உடனே எழுந்து தண்ணீர் வைப்பாள். அவன் வாசலில் செருப்பைக் கழற்றும்போது தூள் போட்டிருப்பாள். உட்காரும்போது டீ கையில் இருக்கும். இது இத்தனை வருசமாக நடக்கிறது. ஒரே ஒரு ஆடி மாதம் நடக்கவில்லை. மரங்கள் சாய்ந்து கரண்டு போய், போன் டவரும் செத்துப்போன சாயங்காலம். யாரையோ ஆஸ்பத்திரியில் விட்டுவரப் பொள்ளாச்சி போனவன். காதைத் தீட்டிக்கொண்டு ஜன்னலில் உட்கார்ந்திருந்தாள். மழைச் சத்தத்துக்கு உள்ளே போய்த் தேடினாள், ஓடைச் சத்தத்துக்கு உள்ளே போய்த் தேடினாள், ஒவ்வொரு இடியிலும் ஜீப்பு கேட்டது, ஒரு இடியும் ஜீப்பாக இல்லை. கால் மரத்துப்போனது. எண்ணக் கூடாததை எல்லாம் எண்ணினாள். அட்டகட்டிப் பக்கம் சரிந்த மண், கீழே பள்ளம், பள்ளத்தில் கவிழ்ந்த நான்கு சக்கரம். அப்போது முதுகுக்குப் பின்னால், “டீ இருக்கா?” என்றது ஒரு குரல். திரும்பினால் சொட்டச் சொட்ட நிற்கிறான். மரம் விழுந்து ரோடு அடைத்ததால் ஜீப்பை அங்கேயே விட்டுவிட்டு நடந்தே வந்திருக்கிறான், சத்தமில்லாமல். பேய் என்று நினைத்துக் கத்தினாள். பேயில்லை என்று தெரிந்ததும் கரண்டியால் அடித்தாள். அப்புறம் அழுதாள். அப்புறம் டீ போட்டாள். அன்றைக்குப் பிடித்த பயம்தான். சத்தமில்லாமல் எது வந்தாலும் நெஞ்சு ஒரு தடவை நின்றுவிட்டு ஓடுகிறது. இந்தக் கார் தினமும் சத்தமில்லாமல் வரும். தினமும் அந்த ஆடி மாதமா? இதை எப்படிச் சொல்வது? தம்பி, உன் வண்டி நல்ல வண்டி, ஆனால் அது சத்தம் போடாததால் எனக்கு டீக்குத் தண்ணீர் வைக்கத் தெரியாது என்றா?

“அக்கா, என்ன பேச்சையே காணோம்? வாந்தி வருதா?” என்றான் ஜெகதீசன் திரும்பிப் பார்த்து. “இல்லடா.” “பின்ன சொல்லு. மாமாவுக்குப் புடிச்சுப்போச்சு, மூஞ்சியைப் பாரு, புது மாப்பிள்ளை மாதிரி இருக்கு.” “உங்க அக்கா சொல்லட்டும்டா, நச்சரிக்காத” என்றான் சங்கிலி. “அந்த ஜீப்பைக் குடுத்துட்டா கிளட்சுக்காவது நிம்மதி. அக்கா, இவரு பண்ற வேலை உனக்குத் தெரியாதே! கோயில் வளைவு இருக்குல்ல, அங்க சும்மா போற வண்டியை ஒரு கியர் கீழ இறக்கி உறும விடுவாரு. ஏத்தமா, ஒண்ணுமா? சமதரை! ஏன் மாமா கிளட்சைக் கொல்றீங்கன்னு கேட்டா, பழகிப்போச்சுங்கறாரு. இதுல அந்தக் கெட்ட பழக்கமெல்லாம் நடக்காது.” “உனக்கு வேற வேலை இல்ல? ரோட்டைப் பாரு.” “ஓட்டுறது நீங்க, நான் எதுக்கு மாமா ரோட்டைப் பாக்கணும்?” கண்ணாடியில் ஒரு நொடி சங்கிலியின் கண் அவள் பக்கம் வந்தது. வந்த வேகத்தில் ரோட்டுக்குப் போய்விட்டது.

சமதரை. ஆமாம், சமதரைதானே? கொழுந்து மூட்டையோடு தினமும் அந்த வழியாக நடக்கிறாள், கோயில் வளைவு வந்தால்தான் முழங்கால் மூச்சு விடும், மூட்டையை இறக்கி வைத்து இடுப்பை நிமிர்த்துகிற இடமே அதுதான். தட்டு மாதிரி இருக்கும். அங்கே எதற்குக் கியரை இறக்க வேண்டும்? பள்ளம் கிள்ளம் இருந்திருக்குமோ, முன்பு? தார் போட்ட பிறகும் உறுமினதே. சாமிக்காக இருக்கலாம். கோயிலைத் தாண்டும்போது டிரைவர்கள் ஹாரன் அடித்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். ஆனால் இந்த மனுசன் சாமிப் பழத்தையே பெண்டாட்டி மூக்கில் வைத்தவன். சாமிக்காக என்றால் காலையில் போகும்போதும் உறும வேண்டுமே? காலையில் கேட்டதில்லை. சாயங்காலம் மட்டும். வீட்டுக்கு வரும்போது மட்டும். வரையாடு ஒன்று ரோட்டோரச் சுவர்மேல் நின்று தாடையை அசைத்துக்கொண்டிருந்தது, கீழே ஆழியாறு அணை வெள்ளித் தட்டாக விரிந்தது, ஜெகதீசன் அதோ பார் என்றான், பார்த்தாள், பார்க்கவில்லை. அவளுக்குள் ஏதோ ஒன்று பழைய பெட்டியைக் கிளறிக்கொண்டிருந்தது. ராசகனி ஒரு நாள் என்ன சொன்னாள்? இவள் தம்பி பெண்டாட்டி பிரசவத்துக்காக ஆனைமலையில் போய் இருந்துவிட்டு வந்தபோது. தண்ணீர்க் குழாயடியில். “நீ ஊர்ல இல்லைன்னா உம் புருசன் பூனை மாதிரி வர்றாருடி. எப்ப வந்தாரு, எப்பக் கதவைத் தெறந்தாருன்னே தெரியல.” அதைக் கேட்டு அவளுக்கு வயிறு எரிந்தது. மூன்று நாள் அவனோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. நான் இல்லாத நேரத்தில் பூனை மாதிரி எங்கே போய்விட்டு வந்தீர்கள் என்று கேட்டே விட்டாள். அவன் முழித்தான். எங்கேயும் போகலையே தவம், நேரா வீட்டுக்குத்தானே வந்தேன் என்றான். அதை நம்புவதற்கு ஒரு வாரம் ஆனது. பூனை மாதிரி. அவள் இல்லாத நாட்களில் கோயில் வளைவில் கியர் இறங்கவில்லை. இறக்கினால் கேட்பதற்கு வீட்டில் ஆள் இல்லை.

ஓ என்று ஒரு சத்தம் அவள் வாயிலிருந்து வந்துவிட்டது. “என்னக்கா?” “ஒண்ணுமில்ல, பழம் கீழ விழுந்துருச்சு.” குனிந்து தேடுகிற மாதிரி குனிந்துகொண்டாள். சீட்டுக்கு அடியில் இருட்டாக இருந்தது, இருட்டு நல்லதாக இருந்தது. இத்தனை காலம் அந்தச் சத்தத்தை மலை போடுகிறது என்று நினைத்திருந்தாள். ஜீப்பு போடுகிறது என்று நினைத்திருந்தாள். தான் ஒருத்தியே ஒரு திருட்டுக் காதை வைத்துக்கொண்டு புருசனுக்குத் தெரியாமல் கேட்டுக்கொண்டிருப்பதாக நினைத்திருந்தாள். அந்தப் பக்கத்திலிருந்து ஒருத்தன் தினமும் கதவைத் தட்டியிருக்கிறான். எப்போதிலிருந்து? அந்த ஆடி மாதத்திலிருந்தா, அதற்கும் முந்தியேவா? கேட்டால் சொல்வானா? பழகிப்போச்சு என்பான். கீழிருந்து நான்காவது வளைவோ ஐந்தாவதோ, தேக்கு மரங்கள் வந்துவிட்டன, கீழ்க்காற்று சூடாக அடித்தது, அவளுக்கு யோசிக்க இன்னும் கொஞ்சம்தான் ரோடு மிச்சம். இப்போது என்ன சொல்வது? முன்பு வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணம்தான் இருந்தது. இப்போது அந்தக் காரணத்துக்கு முகம் வந்துவிட்டது, மீசை வந்துவிட்டது. இந்த உறுமலைக் கொடுத்துவிட்டுத் தென்னந்தோப்பில் காய் ஏற்ற விடுவதா? அங்கே போய் அந்த ஜீப்பு யாருக்கு உறுமும்? ஆனால் அந்தக் கை. அந்த நடுங்குகிற கையே தினமும் கூடுதலாக ஒரு தடவை கியர் கம்பியை இழுத்திருக்கிறதே, தோள் வலிக்க வலிக்க. அடப்பாவி மனுசா.

ஆழியாறு வந்துவிட்டது. பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்து டீக்கடையில் வண்டியை நிறுத்தினார்கள். நிறுத்தியதும் தெரியவில்லை, ஜெகதீசன் கதவைத் திறந்ததால் தெரிந்தது. இங்கிருந்து அவன் காரை எடுத்துக்கொண்டு ஆனைமலை போவான், இவர்கள் மேலே பஸ் ஏறுவார்கள். தவமணி பெஞ்சில் உட்கார்ந்தாள். ஜெகதீசன் போனைக் கையில் வைத்துக்கொண்டு எதிரே நின்றான். “அக்கா, முதலாளி கேட்டுக்கிட்டே இருக்காரு. ஆமாவா, இல்லையா?” அவள் அவனைப் பார்க்கவில்லை. கடை உள்ளிருந்து சங்கிலி வந்துகொண்டிருந்தான், இரண்டு கையிலும் இரண்டு டீ. கடைக்காரன் வஞ்சனையில்லாமல் ஊற்றியிருந்தான், விளிம்பு வரைக்கும், விளிம்புக்கு மேலே நுரை. படியில் கால் வைத்து இறங்கினான். ஒரு நாய் குறுக்கே வந்தது, ஒதுங்கினான். பெஞ்சு வரைக்கும் வந்தான். ஒரு சொட்டு சிந்தவில்லை. இந்தா என்று நீட்டிய கையை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். டீ ஆடாமல் நின்றது, குளம் மாதிரி.

“வாங்கிக்குவோம்னு சொல்லு ஜெகா” என்றாள்.

ஜெகதீசன் போனை அமுக்கப் போனான். “இருடா” என்றான் சங்கிலி. அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். “அவசரப்படாத தவம். ஆடி மாசம் நாள்கணக்கா கரண்டு போகுமே, அப்ப?”

“வீட்ல இருங்க.”

“ஆஸ்பத்திரிக்கு யாராவது வந்து நின்னா?”

“மேல் டிவிசன் மாயாண்டி அண்ணன் ஜீப்பு இருக்கு. அவரு உரமூட்டை ஏத்துறவரு, பொழுதுக்கும் காட்டு ரோடு, அவருக்கு இது ஆகாது, அவரு மாத்த வேணாம். உங்களுக்கு ஆகும். நீங்க ஒருத்தர்தான் இந்த மலையைத் தூக்கி நிறுத்திக்கிட்டிருக்கீங்களா?”

அது அவனுக்கு வலித்தது. அவளுக்குத் தெரிந்தது. எந்த மழையிலும் சங்கிலி இருக்கான் என்று லயன் சொல்லும், அந்த ஒரு சொல்லுக்காகவே அவன் பாதிச் சோற்றில் எழுந்து போனதுண்டு. இனி மழைக்காலத்தில் மாயாண்டி இருக்கான் என்பார்கள். அவன் அணைப் பக்கம் பார்த்துக்கொண்டு டீயை உறிஞ்சினான். பிறகு, ஜெகதீசனுக்குக் கேட்காத மாதிரி குரலைத் தாழ்த்தி, கிளாஸைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

“தண்ணி எப்ப வைப்பே?”

அவள் டீயை ஒரு வாய் குடித்தாள். “நீங்க வந்தப்புறம் வைக்கிறேன்.”

“கொதிக்கிற வரைக்கும்?”

“எங்கூட அடுப்படியில உக்காந்து பேசிக்கிட்டிருங்க.”

“என்ன பேசுறது?”

“பூனை மாதிரி எங்க போயிட்டு வர்றீங்கன்னு கேப்பேன். பதில் சொல்லுங்க.”

அவன் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தான். மீசை ஓரத்தில் சிரிப்பு கிளம்பி, போவதா வேண்டாமா என்று கொஞ்சம் தயங்கி, முகம் முழுக்கப் பரவியது. “எந்தத் தண்ணி? என்ன பூனை?” என்றான் ஜெகதீசன். “உனக்கொண்ணுமில்ல மாப்ளே. முதலாளிக்குப் போனைப் போடு. ஜீப்பை நானே கொண்டுவந்து விடுறேன்னு சொல்லு. அப்புறம், அவரையும் இதை முட்ட முட்ட நிறைக்க வேணாம்னு சொல்லு, நான் மலைக்கு ஓட்டிக்கிட்டுப் போகணும்.” “ஏறும்போது நிறைஞ்சிருந்தாத்தான் மாமா நல்லது. இறங்கும்போதுதான் அரை வயிறு.” “பாத்தியா தவம், இதுக்கும் ஒரு பத்தியம்.”

ஜெகதீசன் காரில் ஏறினான். அக்கா, பழம் சீட்டுக்கு அடியில கெடக்கு, எடுத்துக்க என்றான். “கெடக்கட்டும். நம்ம வண்டிதானே” என்றாள். சொன்ன பிறகுதான் மேலே பஸ்ஸில் போக வேண்டும், கையில் பழம் இல்லை என்று ஞாபகம் வந்தது. வாந்தி வரும். வரட்டும். கார் சத்தமில்லாமல் பின்னால் நகர்ந்து, சத்தமில்லாமல் திரும்பி, புளியமர நிழலுக்குள் போய் மறைந்தது. மேலே போகிற பஸ் தூரத்தில் ஹாரன் அடித்தது. “நீ மெதுவா குடிச்சிட்டு வா, நான் போயி துண்டு போட்டு ஜன்னல் சீட்டு புடிக்கிறேன்” என்று சங்கிலி எழுந்து நடந்தான்.

நடக்கும்போது அவன் இடது செருப்பு மண்ணை லேசாக இழுத்தது. சர்ரட், சர்ரட். வலது காலுக்குச் சத்தமில்லை, இடதுக்கு மட்டும். பஸ் இரைச்சல், கடை ரேடியோ, வாழைப்பழக்காரியின் கூவல் எல்லாவற்றுக்கும் அடியில் அது தனியாகக் கேட்டது. ஜீப்பை நிறுத்தின பிறகு வாசல் வரைக்கும் இப்படித்தான் தினமும் நடந்து வந்திருப்பான், அவள் அதற்குள் கொதிக்கிற தண்ணீர்ச் சத்தத்தில் இருந்திருப்பாள், இது காதில் விழுந்ததேயில்லை. தலையைச் சாய்த்துக்கொண்டு கேட்டாள். பஸ் படியில் ஏறும் வரைக்கும் கேட்டாள். அப்புறம் அடி மண்டியோடு டீயைக் குடித்து முடித்து, அவன் கிளாஸுக்குப் பக்கத்தில் தன் கிளாஸை வைத்துவிட்டு, துணிப்பையை எடுத்துக்கொண்டு அவளும் நடந்தாள்.